செம்பருத்தியில் நடக்கும் வெள்ளைப் பஞ்சு: இது மாவுப்பூச்சிதானா?

பதிவு 1 · செம்பருத்திவேலி · முதல் நாள், மாலை

அனைவருக்கும் வணக்கம். என் தோட்டத்துச் செம்பருத்தியின் நுனிக்கொழுந்துகளில் மூன்று வாரங்களாக வெள்ளைப் பஞ்சு போன்ற படிவு பரவி வருகிறது. கொழுந்து சுருண்டு கொத்தாகத் திரள்கிறது. கீழிலைகளில் பிசுபிசுப்பு ஒட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்திருக்கிறது. இது மாவுப்பூச்சியின் வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் கேட்க வந்தது வேறு.

இன்று காலை சோப்புக் கரைசல் தெளிப்பதற்காக ஒரு கிளையை வளைத்துப் பிடித்தேன். அப்போது அந்தப் பஞ்சின் நடுவிலிருந்து ஒரு துண்டு மட்டும் பிரிந்து நடக்கத் தொடங்கியது. தண்டின் மேல் விறுவிறுவென்று ஊர்ந்து, இலைக்காம்பின் மறுபக்கம் போய் மறைந்துகொண்டது. நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். உடலைச் சுற்றி மெழுகுத் திரிகளைப் போல வெள்ளை இழைகள் தொங்கின. மாவுப்பூச்சி இவ்வளவு பெரிதாக வளருமா, இவ்வளவு வேகமாக நடக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலியில் போட்டுப் பார்த்தேன். அது சற்றும் தயங்காமல் "மாவுப்பூச்சி" என்று சொல்லிவிட்டது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கரைசலை ஓரமாக வைத்துவிட்டேன்.

பதிவு 2 · மண்வெட்டி · முதல் நாள், இரவு

ஐயா, வெள்ளையாக இருந்து செடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மாவுப்பூச்சிதான். அதில் பெரியதும் உண்டு, சிறியதும் உண்டு. பெயர் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பக்கத்துச் செடிகளுக்கும் பரவிவிடும். சோப்புக் கரைசலோடு வேப்பெண்ணெயைக் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்து விடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் தெளியுங்கள்.

பதிவு 3 · கைலென்ஸ் · முதல் நாள், இரவு

தெளிப்பதை ஓரிரு நாள் தள்ளி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வளர்ந்த பெண் மாவுப்பூச்சி பெரும்பாலும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். அது ஊசி போன்ற வாயுறுப்பைத் திசுவுக்குள் செலுத்திச் சாறு உறிஞ்சுவது. அப்படிக் குத்தி உட்கார்ந்த பூச்சி, தொட்டவுடன் எழுந்து ஓடுவதில்லை. நீங்கள் சொல்லும் அளவும் வேகமும் அதற்குப் பொருந்தவில்லை.

மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்து இதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெள்ளை என்பது அந்தப் பூச்சியின் நிறமே அன்று. மேலே பூசியிருக்கும் மெழுகின் நிறம். செயலி பார்த்ததும் அந்த மெழுகைத்தான். எனவே உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். நடக்கும் ஒன்றைக் கண்ணாடிக் குவளைக்குள் விட்டுக் கீழிருந்து பாருங்கள். கால்கள் எத்தனை, அவை உடலுக்கு வெளியே நீண்டு தெரிகின்றனவா என்று கவனியுங்கள். பிறகு ஈரமான மெல்லிய தூரிகையால் முதுகின் மெழுகைச் சிறிது ஒதுக்கி, அடியில் உள்ள தோலின் நிறத்தைச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்தால் அளவு தெளிவாகத் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அது எதைத் தின்கிறது? அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தால் போதும். பூச்சியை அடையாளம் காண்பதில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பதிவு 4 · எறும்புத்தடம் · இரண்டாம் நாள், காலை

கைலென்ஸ் சொல்வதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். இரண்டு ஆண்டுகளாக அவரைக் கொடியில், கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளும் முட்களுமாக, சிறிய முதலையைப் போன்ற ஒரு புழுவைப் பார்க்கும் இடத்திலெல்லாம் நசுக்கி வந்தேன். பார்க்க அவ்வளவு அருவருப்பாக இருந்ததே அதற்குக் காரணம். கொடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏன் குறையவே இல்லை என்று வேறு புலம்பிக்கொண்டிருந்தேன். நான் நசுக்கியது பொறிவண்டின் புழு என்பதும், அந்த அசுவினியைத் தின்னத்தான் அது அங்கே வந்திருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. வட்டமாகச் சிவப்பாக இருக்கும் வண்டைக் கண்டால் குழந்தைகூடக் கையில் ஏந்திக்கொள்கிறது. அதன் குழந்தையை யாருக்கும் தெரிவதில்லை.

செம்பருத்திவேலி ஐயா, உங்கள் செடியில் எறும்பு நடமாட்டம் எப்படி இருக்கிறது? எறும்புகள் மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக அதைக் காவல் காக்கும். எதிரி வந்தால் கடித்து விரட்டும். நடமாடும் அந்தப் பஞ்சை எறும்புகள் எப்படி நடத்துகின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பதிவு 5 · செம்பருத்திவேலி · இரண்டாம் நாள், மாலை

நீங்கள் சொன்னபடியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரம் என்று நினைத்துத் தொடங்கியது ஒன்றரை மணி நேரமாகிவிட்டது.

நடப்பவை மொத்தம் ஒன்பது எண்ணினேன். அவற்றில் ஒன்றைக் குவளைக்குள் விட்டுக் கீழிருந்து பார்த்தபோது ஆறு கால்கள் தெளிவாகத் தெரிந்தன. முன்பாதியில் இருந்து பக்கவாட்டில் நீண்டிருந்தன. மெழுகை ஒதுக்கியபோது அடியில் தோல் மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தது. தூரிகை பட்டதும் உடலை வளைத்து விறைத்துக்கொண்டது. சிறிது நேரத்தில் மறுபடி நடந்தது.

பிறகு நான் கண்டதை எழுதவே சற்றுத் தயக்கமாக இருக்கிறது. கொத்தின் ஓரத்தில் மாவுப்பூச்சியின் முட்டைப்பை ஒன்று பஞ்சுருண்டையாக இருந்தது. நடந்து வந்த வெள்ளைப் பிராணி அதற்குள் தலையை நுழைத்தது. தலை உள்ளே போக, பின்புறம் மட்டும் மேலும் கீழும் அசைந்தபடியே இருந்தது. பத்து நிமிடம் கழித்து அது வெளியே வந்தபோது அந்தப் பஞ்சு தட்டையாகக் கிடந்தது. உருப்பெருக்கியால் பார்த்தேன்; முன்பு மஞ்சள் மணிகளாகத் தெரிந்த முட்டைகளில் நான்கைந்து மட்டுமே மிஞ்சியிருந்தன.

எறும்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்று அந்தப் பிராணியின் முதுகில் உணர்கொம்பால் தட்டிப் பார்த்தது. ஒருமுறை கடிக்கவும் செய்தது. வாயில் மெழுகு இழை அப்பிக்கொண்டு பின்வாங்கிப் போய், நெடுநேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பதிவு 6 · கைலென்ஸ் · இரண்டாம் நாள், இரவு

இனி ஐயத்துக்கு இடமில்லை. நீங்கள் பார்த்தது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. முழுப்பெயர் கிரிப்டோலேமஸ் மான்ட்ரூசியரி. மாவுப்பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்று வாழும் வண்டு இது. வளர்ந்த வண்டு நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். கரும்பழுப்பு இறக்கையுறையும் ஆரஞ்சு நிறத் தலையும் கொண்டது. புழுவோ முழுவளர்ச்சியில் பதின்மூன்று மில்லிமீட்டர் வரை நீளும். வண்டைவிட மூன்று மடங்கு நீளம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தாயும் பிள்ளையும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதன் பிறப்பிடம் ஆஸ்திரேலியா. 1891-ஆம் ஆண்டு ஆல்பர்ட் கோபெல் என்ற பூச்சியியலாளர் இதைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் அங்குள்ள எலுமிச்சைவகைத் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்த பஞ்சு செதில்பூச்சிக்கு எதிராக ரொடோலியா என்ற இன்னொரு பொறிவண்டை ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பி, பெரும் வெற்றி கண்டிருந்தார். அதன்பின் கிரிப்டோலேமஸ் பல நாடுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. கடும் குளிரைத் தாங்காததால் குளிர்நாடுகளில் ஆய்வகத்தில் வளர்த்து ஆண்டுதோறும் விட வேண்டியிருக்கிறது. வெப்பமான இடங்களில் அது தானாகவே தங்கிவிட்டது. உங்கள் செடிக்கு யாரும் கொண்டுவந்து விட்டிருக்கத் தேவையில்லை. மாவுப்பூச்சி இருக்கும் இடத்தைத் தேடிப் பறந்து வந்து, அதன் முட்டைப்பைகளுக்கு நடுவிலேயே தன் முட்டைகளை இட்டுச் சென்றிருக்கும்.

மாவுப்பூச்சியையும் இந்தப் புழுவையும் பிரித்தறியப் பின்வருவனவற்றைப் பாருங்கள். மாவுப்பூச்சி நீள்வட்டமானது, அதன் கால்கள் உடலுக்கு அடியில் ஒடுங்கியிருக்கும், ஓரத்து மெழுகு இழைகள் பெரும்பாலும் குட்டையாகச் சீப்புப் பல்போல வரிசையாக இருக்கும். இந்தப் புழுவின் இழைகள் நீளமாகவும் ஒழுங்கற்றுச் சிலிர்த்தும் கிடக்கும். புல்லின் நுனியால் மெல்லத் தள்ளினால் புழு இடம் மாறும். மாவுப்பூச்சியோ ஊசி குத்திய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

பதிவு 7 · மண்வெட்டி · மூன்றாம் நாள், காலை

அடையாளம் கண்டதில் மகிழ்ச்சி. நான் அவசரப்பட்டதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். செடி வைத்திருப்பவருக்குச் செடிதான் முக்கியம். ஒன்பது புழுக்கள் ஒரு புதர் முழுவதையும் சுத்தம் செய்யும் வரை கொழுந்துகள் காத்திருக்குமா? நண்பன் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் பூச்சி குறைந்துவிடாது. நான் இதுபோல் "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று விட்டு, ஒரு பப்பாளி மரத்தையே இழந்திருக்கிறேன்.

சோப்புக் கரைசல் மென்மையான உடல் கொண்ட எதையும் கொல்லும். அது நல்ல புழு, கெட்ட பூச்சி என்று பார்க்காது என்பதும் உண்மைதான். அப்படியானால் தெளிக்காமல் செய்யக்கூடியது என்ன என்பதையும் சொல்லுங்கள்.

பதிவு 8 · எறும்புத்தடம் · மூன்றாம் நாள், மதியம்

நியாயமான கேள்வி. முதலில் எறும்பின் வழியை அடைக்க வேண்டும். அடித்தண்டில் ஒரு காகிதப்பட்டையைச் சுற்றி, அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி விடுங்கள். காகிதமின்றி நேராகத் தண்டில் தடவினால் செடியின் தோல் கெடலாம். வேறு செடியோ, சுவரோ, கொடிக்கம்பியோ உரசும் கிளைகளை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு அந்தப் பாலத்தின் வழியே ஏறிவிடும். காவலாளிகள் போய்விட்டால், தின்ன வருபவை பாதியில் விரட்டப்படாமல் தின்னும்.

அடுத்து, சுருண்டு போன கொழுந்துகளில் மிக மோசமானவற்றை மட்டும் வெட்டுங்கள். வெட்டியதை உடனே எரிக்காமல், நடப்பவை இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் தூரிகையால் எடுத்துச் செடியிலேயே விட்டுவிட்டுப் பிறகு அழியுங்கள். புழுக்கள் இல்லாத கிளைகளை வேகமான தண்ணீர்ப் பீச்சலால் கழுவலாம். மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கிளையில், யார் இருக்கும்போது என்று பார்த்துச் செய்யச் சொல்கிறேன்.

பதிவு 9 · தும்பி · மூன்றாம் நாள், இரவு

இந்த வெள்ளை வேடத்தைப் போடுவது கிரிப்டோலேமஸ் மட்டும் அன்று என்பதால் இதைச் சேர்க்கிறேன். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குடும்பத்தில் சில இனங்களின் புழுக்கள், தாம் உறிஞ்சி எறிந்த பூச்சிகளின் தோலையும் மெழுகையும் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். பார்ப்பதற்குக் குப்பைக் குவியல் ஒன்று தானாக நகர்வதுபோல் இருக்கும். கிரிப்டோலேமஸ் புழு தன் மெழுகைத் தானே சுரப்பது. இதுவோ இரையிடமிருந்து பறித்துப் போர்த்திக்கொள்வது. குப்பைக்கு முன்னால் அரிவாள் போல வளைந்த இரண்டு தாடைகள் நீண்டிருந்தால் அதுதான் என்று தெரிந்துகொள்ளலாம்.

1978-இல் பூச்சியியலாளர் தாமஸ் ஐஸ்னரும் உடன் ஆய்ந்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தனர். ஆல்டர் மரத்தில் வெண்பஞ்சு அசுவினியைத் தின்னும் இத்தகைய புழுக்களின் போர்வையைக் களைந்துவிட்டு, எறும்புகள் காவல் காக்கும் அசுவினிக் கூட்டத்தில் விட்டார்கள். போர்வை இழந்தவற்றை எறும்புகள் பிடித்து வெளியேற்றின. போர்வையோடு இருந்தவற்றைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. போர்வை இழந்த புழு முதல் வேலையாக அசுவினியின் பஞ்சைப் பறித்து முதுகில் ஏற்றத் தொடங்கிவிடும்.

இலையின் அடியில், சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள மெல்லிய நூலின் உச்சியில் குண்டூசித் தலைபோல முட்டைகள் நிற்பதைப் பார்த்துப் பூசணம் என்று பலர் துடைத்துவிடுகிறார்கள். அவையும் இதே குடும்பத்தின் முட்டைகள். முதலில் பொரித்தது அடுத்த முட்டையைத் தின்றுவிடாமலும், எறும்பு கைக்கு எட்டாமலும் இருக்கவே தாய் அப்படி இடுகிறது.

பதிவு 10 · செம்பருத்திவேலி · ஆறாம் நாள், மாலை

மூன்று செய்திகள். காகிதப்பட்டை போட்ட மறுநாளே எறும்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. சுவரைத் தொட்ட ஒரு கிளையை வெட்ட மறந்து, அதன் வழியாக அவை அணிவகுத்து வந்ததைப் பார்த்த பிறகு அதையும் வெட்டினேன். மோசமான ஐந்து கொழுந்துகளை நீக்கினேன். ஒரு கொழுந்தைத் தண்ணீர்க் குப்பியில் நிறுத்தி, அகன்ற வாய்ப் புட்டிக்குள் வைத்து, மேலே மெல்லிய துணி கட்டி அறைக்குள் கொண்டுவந்திருக்கிறேன். அதில் ஆறு புழுக்கள் இருக்கின்றன.

மூன்றாவது செய்திதான் புதிர். ஆறில் ஒன்று மற்றவற்றைப் போல் இல்லை. வெள்ளை மாவு பூசியிருக்கிறது. ஆனால் நீள இழைகள் இல்லை. நத்தைபோல வயிறு தரையோடு ஒட்டி, மிக மெதுவாக நகர்கிறது. மேலிருந்து பார்த்தால் தலையும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. அதுவும் மாவுப்பூச்சியைத்தான் தின்கிறது. இரையின் மேல் கவிந்துகொண்டு உள்ளே என்ன செய்கிறது என்பதே தெரியாமல் தின்கிறது.

பதிவு 11 · மண்வெட்டி · ஆறாம் நாள், இரவு

கால் தெரியாத புழு என்றால் மிதவை ஈயின் புழுவாக இருக்கலாமே? அதுவும் கால் இல்லாதது. என் அவரையில் அசுவினியைத் தின்பதைப் பார்த்திருக்கிறேன். (ஆம், இப்போது நானும் முக்காலி போட்டு உட்காருகிறேன்.)

பதிவு 12 · கைலென்ஸ் · ஆறாம் நாள், இரவு

மிதவை ஈயின் புழு முன்பக்கம் கூம்பிப் பின்பக்கம் பருத்திருக்கும். இரை தேடும்போது முன்நுனியைத் தூக்கி இருபுறமும் வீசிப் பார்க்கும். செம்பருத்திவேலி சொல்வது இரு முனையும் மழுங்கிய, கவிழ்த்த ஓடம் போன்ற உருவம். ஐயா, அதைக் கண்ணாடியில் ஏற்றிக் கீழிருந்து பாருங்கள். உண்மையிலேயே கால் இல்லையா, அல்லது மேலே உள்ள தோல் மறைக்கிறதா என்பதில்தான் விடை இருக்கிறது.

பதிவு 13 · செம்பருத்திவேலி · பத்தாம் நாள், காலை

கீழிருந்து பார்த்துவிட்டேன். முன்பக்கத்தில் சிறிய தலை ஒன்று தோலுக்கு அடியில் உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னே மூன்று இணைக் குட்டைக் கால்களும், நடுவுடலில் சதைப்பற்றான பொய்க்கால்களும் இருந்தன. இதை எழுதி அனுப்புவதற்குள் அது உண்பதை நிறுத்திவிட்டு, புட்டியில் இருந்த இலையின் மேற்புறத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டது.

இன்று காலை அது கூட்டுப்புழுவாக மாறியிருந்தது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தவுடன் கையை இழுத்துக்கொண்டேன். பழுப்பு நிறத்தில், பட்டாணியைவிடச் சிறிய அந்தக் கூட்டில் ஒரு குரங்கின் முகம் இருந்தது. குழிந்த இரண்டு கண்கள், சப்பையான மூக்கு, புருவமேடு உட்பட எல்லாம் இருந்தன. வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துக் காட்டினேன். ஒருவர்கூட வேறு பெயர் சொல்லவில்லை.

பதிவு 14 · தும்பி · பத்தாம் நாள், மதியம்

வாழ்த்துகள் ஐயா, நீங்கள் பார்த்தது வண்டும் அன்று, ஈயும் அன்று, பட்டாம்பூச்சி. ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்பது அதன் பெயர். ஆசியாவின் வெப்பமான பகுதிகளில் வாழும் நீலன்கள் குடும்பத்தைச் சேர்ந்தது. பட்டாம்பூச்சிப் புழுக்கள் பெரும்பாலானவை இலை தின்பவை. இது மாவுப்பூச்சியைத் தின்று வளர்கிறது, அதன் மாவையே மேலே பூசிக்கொள்கிறது. கூட்டுப்புழுவில் குரங்கு முகம் தெரிவதால்தான் ஆங்கிலத்திலும் அதற்குக் குரங்கின் பெயரை வைத்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் வெண்பஞ்சு அசுவினியைத் தின்னும் ஃபெனிசெகா டார்க்வினியஸ் என்ற உறவுப் பட்டாம்பூச்சியின் கூட்டிலும் இதேபோன்ற முகம் உண்டு. பறவையை அஞ்சவைக்கும் முகம் என்று சிலர் விளக்குகிறார்கள். இத்தனை சிறிய முகத்துக்கு எந்தப் பறவை அஞ்சும் என்பது என் ஐயம்.

பொய்க்கால்களை நீங்கள் குறிப்பிட்டது மிக முக்கியம். பொறிவண்டின் புழுவுக்கு நடுவுடலில் அந்தச் சதைக்கால்கள் கிடையா. பட்டாம்பூச்சிப் புழுவுக்கு அவை ஐந்து இணை வரை இருக்கும். ஆறு இணையோ அதற்கு மேலோ இருந்தால் அது பட்டாம்பூச்சியே அன்று, ரம்பக் குளவியின் புழு. இந்த எண்ணிக்கை ஒன்றே பல குழப்பங்களைத் தீர்த்துவிடும்.

பதிவு 15 · செம்பருத்திவேலி · இருபத்திரண்டாம் நாள், மாலை

குரங்கு முகம் நேற்று முன்தினம் திறந்தது. வெளிவந்த பட்டாம்பூச்சி விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. மேலே சாம்பல் கலந்த பழுப்பு, முன்னிறக்கையில் ஒரு வெண்மையான திட்டு. மூடிய இறக்கையின் அடிப்புறத்தில் வெளிறிய பட்டுத்துணி போல மெல்லிய நெளிகோடுகள் ஓடின. துணியை அவிழ்த்ததும் பறந்துவிட்டது.

கிரிப்டோலேமஸ் கூடுகளிலிருந்தும் இன்று நான்கு வண்டுகள் வந்துவிட்டன. ஆரஞ்சுத் தலை கைலென்ஸ் எழுதியபடியே இருக்கிறது. இப்போது என் சிக்கல் தலைகீழாகிவிட்டது. புட்டியில் மாவுப்பூச்சி ஒன்றுகூட மிச்சமில்லை. செம்பருத்தியிலும் இரண்டு கிளைகளில்தான் சிறிது காண்கிறேன். இந்த நான்குக்கும் நான் எங்கே போய் மாவுப்பூச்சி தேடுவேன்?

பதிவு 16 · கைலென்ஸ் · இருபத்திரண்டாம் நாள், இரவு

இந்த வண்டைப் பெருமளவில் வளர்க்கும் ஆய்வகங்களில் பரங்கிக்காயின் மேலோ உருளைக்கிழங்கு முளையின் மேலோ முதலில் மாவுப்பூச்சியை வளர்த்து, பிறகு அதைத் தீனியாகப் போடுவார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வெயில் தணிந்தபின் புட்டியைச் செடியின் அடியில் வைத்துத் திறந்துவிடுங்கள். வளர்ந்த வண்டு நன்றாகப் பறக்கும். தன் தீனியை அதுவே தேடிக்கொள்ளும்.

பதிவு 17 · செம்பருத்திவேலி · இருபத்து மூன்றாம் நாள், மாலை

திறந்துவிட்டேன். ஒன்று புட்டியின் விளிம்பிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது. ஒன்று செம்பருத்தியில் ஏறியது. மற்ற இரண்டும் செம்பருத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பத்தடி தள்ளி நான் நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த கொய்யாக் கன்றுக்குப் பறந்து போயின. அவை உட்கார்ந்த இலையைத் திருப்பிப் பார்த்தேன். நடுநரம்பை ஒட்டி, அரிசி நொய்யளவில், பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.